ரசீது கொடுத்தவர் யார்?



2025 ஜூன் மாதம் லோனாவாலா லோக்கலில் நம்மவர்கள் போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். ஈரான் தன் கடமைகளை மீறியது என்று சர்வதேச அணுசக்தி முகமை ஜூன் 12-ல் தீர்மானம் போட்டது. மறுநாள் இஸ்ரேல் குண்டு வீசியது. 22-ல் அமெரிக்காவும் வீசியது. "ஒளித்து வைத்திருப்பான், அதனால்தான் அடிக்கிறார்கள்" என்றது ஒரு கட்சி. "ஈராக்கில் என்னத்தைக் கண்டெடுத்தார்கள்?" என்றது மறு கட்சி. நியாயமான கேள்வி. 2003-ல் ஹான்ஸ் பிளிக்ஸ் தன் சோதனையாளர்களுக்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார். அமெரிக்கா காத்திருக்கவில்லை. நாட்டையே பிடித்த பிறகு அதன் சொந்த ஆட்களே சல்லடை போட்டுத் தேடியும் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை.

ஆனால் ஆயுதக் கணக்குத் தகராறு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளத் தமிழன் பாக்தாத் போக வேண்டியதில்லை.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு. கையெழுத்துப் போட்டவை இரண்டு சர்க்கார்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் போடவில்லை! ஆகஸ்ட் 2-ல் மெரினாவில் ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் மேடையேறினார்கள். யாழ்ப்பாணத்தில் இந்திய ஜவான்களுக்கு மாலை விழுந்தது. ஆகஸ்ட் 4-ல் சுதுமலையில் பிரபாகரன் பேசியதன் சாரம் இதுதான்: ஆயுதத்தை இந்தியாவிடம் கொடுக்கிறோம், இனி எம் மக்களின் பாதுகாப்பு இந்தியாவின் பொறுப்பு. மறுநாள் பலாலியில் யோகி ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து ஒப்படைப்பைத் தொடங்கி வைத்தார்.

அதன் பிறகு கணக்குத் தகராறு. கொடுத்தது கொஞ்சம், மறைத்தது அதிகம் என்று இந்தியத் தரப்பு சொன்னது. அது பொய்யல்ல, அக்டோபரில் சண்டை மூண்டபோது எல்லோரும் பார்த்தார்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டு எதிர் இயக்கங்களுக்கு ஆயுதம் கொடுக்கிறீர்கள் என்றார்கள் புலிகள். எத்தனை துப்பாக்கி, எத்தனை துப்பாக்கி என்பதே டீக்கடைப் பேச்சாயிற்று.

நான் ரயில்வே குமாஸ்தா. பார்சல் ஆபீசில் மூட்டைக் கணக்கில் தகராறு வராத வாரம் கிடையாது. எண்ணலாம், மறுபடியும் எண்ணலாம், சந்தேகத்தை ரசீதிலேயே எழுதியும் வைக்கலாம். ஆனால் வாங்கி வைத்த சரக்கு ரசீது கொடுத்தவர் பொறுப்பு. "கணக்குத் தீரவில்லை, அதனால் காணாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை" என்று சொன்னால் என் வேலை போய்விடும்.

டில்லி கொடுத்த ரசீது என்னவாயிற்று? அக்டோபர் ஆரம்பத்தில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் புலிகள் 17 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துப் பலாலியில் வைத்தது. இந்தியப் படை அங்கேதான் இருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோவோம் என்றது ஜெயவர்த்தனே சர்க்கார். டில்லி தடுக்கவில்லை. 5-ஆம் தேதி சயனைடு தின்று 12 பேர் மாண்டார்கள். அதற்குப் பழி என்று கிழக்கில் ஒரு பாவமும் அறியாத சிங்களக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. இதை எந்தத் தமிழனும் நியாயப்படுத்த வேண்டாம். 10-ஆம் தேதி இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் யுத்தம். 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் இந்தியப் படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மாலை போட்ட அதே ஊர்! 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 ஜவான்கள் உயிரோடு இல்லை. அவர்களிலும் தமிழ்த் தாய் பெற்ற பிள்ளைகள் உண்டு.

இது எங்கோ நடந்த கதை அல்ல. அந்தப் படைக்கு அன்று பொறுப்பேற்றிருந்த லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், தென் பிராந்தியத் தளபதி. அதன் தலைமையகம் நம் பூனாவில். ஆகுர்டிக்கு அடுத்த ஸ்டேஷன் தேஹு ரோடு. அங்கே ராணுவ வெடிமருந்துக் கிடங்கு. இந்தப் பக்கம் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இரண்டு இடத்துச் சம்பளத்திலும் தமிழ்க் குடும்பங்கள் சாப்பிட்டிருக்கின்றன. எந்தப் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று மேலே எழுதியிருக்காது.

ஈரான் ஒளித்ததா இல்லையா என்று இனியும் வாதாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: ஆயுதத்தைக் கீழே வை என்கிறவர், வைத்த பிறகு அந்த ஊர்ப் பெண்டு பிள்ளைகளின் உயிருக்கு ரசீது கொடுத்தாரா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். இரண்டு கட்சிக்காரர்களும் வரவேண்டும். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் 1987-ல் தாங்கள் கேட்டதையும் பார்த்ததையும் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.