வளையும் விரல், வலிக்கும் கை

மும்பை மாதுங்காவில் 1945-ல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து செம்பூர் வரை தமிழ்க் குடும்பங்களில் பெண் குழந்தைக்குப் பரதம் கற்பிப்பது வழக்கமாகிவிட்டது. உடம்பு ரப்பராக வளைந்தால் பாராட்டு. அதே சிறுமி நாலு பக்கம் எழுதிவிட்டுக் கை வலிக்கிறது என்றால் சோம்பேறிப் பட்டம். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: மூட்டுகளைக் கட்டிப் பிடிக்கும் நார்களின் தளர்ச்சி.

பீட்டர் பெய்ட்டன் 1973-ல் வெளியிட்ட சோதனைக்கு 9 மதிப்பெண். சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் மடங்குவது, கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, முழங்கை, முழங்கால் 10 டிகிரிக்கு மேல் பின்பக்கம் வளைவது ஆகியவற்றுக்கு இரு பக்கமும் சேர்த்து 8. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் இன்னொன்று. பள்ளி வயதில் 6 வந்தால் மூட்டுகள் தளர்வானவை என்று 2017-ல் வந்த சர்வதேச வரையறை சொல்கிறது.

வலி இல்லையென்றால் சிகிச்சை வேண்டாம். வலித்தால் படுத்தே கிடப்பது உதவாது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். தாராவிக் குழந்தைகளுக்கு சயான் மாநகராட்சி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டு வீங்கினால், காய்ச்சல் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

நடனத்தை நிறுத்தத் தேவையில்லை. விருந்தாளிகள் முன்னால் விரலை வளைத்துக் காட்டச் சொல்வதை நிறுத்தினால் போதும்.