உள்ளே ஒன்றும் இல்லையே, சித்தப்பா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து அண்ணன் மகள் செம்பூர் வந்தாள். கையில் பழைய லேப்டாப். 2015-ல் அண்ணன் தவணையில் வாங்கியது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு இல்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்மா" என்றாராம் கடைக்காரர்.

தாராவியில் தூக்கிப் போடுவதற்கு ஒரு முகவரி உண்டு: பதின்மூன்றாம் காம்பவுண்டு. மும்பை கழித்த பிளாஸ்டிக் அங்கேதான் தரம் பிரிந்து, அரைபட்டு, குருணையாகி வேறு பொருளாக மறுபிறவி எடுக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணின் லேப்டாப் அங்கே போக இன்னும் காலம் இருக்கிறது என்பது அவள் கட்சி. "லினக்ஸ் போட்டுக்கிறேன் சித்தப்பா. ஒரு பென் டிரைவ் மட்டும் தாங்க."

யூனிக்ஸின் சாயலில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் 1991-ல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். 1990-களில் அதை ஏற்றுவதற்கு ஃப்ளாப்பிகளை அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். நடுவில் ஒன்று பழுதானால் அத்தனையும் வீண். பிறகு பிசி குவெஸ்ட் இதழ் குறுந்தகடாக இணைத்துத் தந்தது. உபுண்டு அமைப்பு 2011 வரை உலகெங்கும் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பியது. இன்று ஒரு பென் டிரைவ் போதும். ஆனால் அதைத் தயார் செய்வதில் மூன்று இடங்களில் சறுக்கலாம்.

முதலாவது, எதை இறக்குவது என்பது. அவள் தேர்ந்தெடுத்தது டெபியன். 1993-லிருந்து தொண்டர்கள் நடத்திவரும் திட்டம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதுவே அடித்தளம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான நிறுவும் கோப்பு கிடையாது. அவர்கள் 12-ஆம் பதிப்பைத் தேட வேண்டும்.

இரண்டாவது, இறங்கியது அசல்தானா என்பது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்த விஷமிகள், பின்கதவு வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். இதற்காகவே ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறி வெளியிடப்படுகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறி முழுக்க மாறிவிடும். அந்தக் குறிப் பட்டியலே அசல்தான் என்று காட்டத் தனியாக மின்னணுக் கையொப்பமும் உண்டு. அவள் திரையைப் பார்த்து வாசிக்க, நான் அச்சுப்பிழை திருத்துகிறவனின் கவனத்தோடு ஒப்பிட்டேன். 64-ம் பொருந்தின. எனக்கும் ஏதோ தொழில்நுட்பம் கைவந்துவிட்ட திருப்தி.

மூன்றாவது, எழுதுவது. சாதாரணக் கோப்பைப் போல நகலெடுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் அதிலிருந்து விழித்தெழாது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கோப்பைப் பிரிக்காமல் அப்படியே, டிரைவின் முதல் அங்குலத்திலிருந்து வரிசையாக எழுத வேண்டும். ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. முன்பு இருந்த எதுவும் மிஞ்சாது. திரையில் எச்சரிக்கை வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லையே, சித்தப்பா?"

"ஒண்ணும் இல்ல, போடு" என்றேன்.

இருந்தது. ஒரு மராத்தி நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தின வாரம் மாட்டுங்காவில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மூன்று அத்தியாயங்களைத் திருத்தி, அந்த நீல டிரைவில் மட்டும் சேமித்தது இரவு படுக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. எச்சரிக்கையும் வந்தது, கேள்வியும் வந்தது. யாரைக் குறை சொல்ல?

மாலையில் அது தெரியாமல் மகிழ்ச்சியாக இருந்தேன். லேப்டாப்பை முடுக்கும்போதே உரிய பட்டனைத் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். மொழிப் பட்டியலில் தமிழ்! ஆனால் வரைகலைத் திரையில் மட்டும். எழுத்து மட்டுமே தோன்றும் எளிய திரையில் தமிழ் இல்லை. காரணம் எழுத்தின் உடம்பில் இருக்கிறது. அந்தத் திரையில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். நம் 'கொ'வோ கொம்பு, க, கால் என மூன்று துண்டாக நிற்கிறது. பார்க்க எளிது, கட்டத்துக்குள் அடைப்பது கடினம்.

நிறுவும்போது வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டத்தை நான் மொழிபெயர்த்திருந்தால் பாகப்பிரிவினை என்றே எழுதியிருப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டால் தமிழன் கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை யோசிப்பான். அங்கே தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தால் போனது போனதுதான். அவள் தன் பாடக் குறிப்புகளை முன்பே வேறிடத்தில் நகலெடுத்து வைத்திருந்தாள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்க 'லைவ்' என்றொரு வகையும் உண்டு. தயங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

இரவு எட்டரைக்கு லேப்டாப் உயிர்பெற்றது. வேகம் பரவாயில்லை. டிரைவையும் கையோடு எடுத்துப்போனாள். அவள் சந்தில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே வயதில் லேப்டாப்புகள் இருக்கின்றனவாம்.

நான் மறுநாளிலிருந்து மூன்று அத்தியாயங்களையும் முதலிலிருந்து திருத்தத் தொடங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "பென் டிரைவ் மூணாவது வீட்டுல இருக்கு சித்தப்பா. அவசரமா வேணுமா?"

வேண்டாம் என்றேன். உள்ளே என்னுடையது ஒன்றும் இல்லை.