'நித்திரைக் கலக்கம்' ஒரு காரணமல்ல

ஏ9 வீதியில் விடியப்புறம் ஒரு லொறி மரத்தோடு மோதினால் அடுத்த நாள் செய்தி எப்படி முடியும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணமாம். அதோடு விசாரணை முடிந்துவிடும். அந்த மனுசனுக்கு ஏன் நித்திரை வந்தது, கடைசியாக எப்போது படுத்தவர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை இருக்கிறார். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இரவில் பார்சல் லொறி ஓடுகிறவர். ஒருக்கால் பஸ் கிடைக்காமல் அவரோடு லொறியில் ஊருக்கு வந்தேன். அந்த ஒரு இரவில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அன்று விடிய 5 மணிக்குத்தான் அவர் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார். சாமான் இறக்கி, கணக்குக் குடுத்து முடிய 9 மணி. களஞ்சியத்துக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பாய். பகல் வெக்கை, கீழே ஏத்தி இறக்கிற சத்தம், இடையில் போன். 12 மணிக்கு எழுப்பிவிட்டார்கள். புறக்கோட்டையில் நாலு கடையில் சாமான் ஏத்த வேணும். இரவு 7 மணிக்கு வெளிக்கிட்டோம். சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புத்தளம் தாண்டினால் காட்டுப் பக்கம், யானை நிற்கும். வன்னிக்குள் வந்தால் றோட்டில் மாடு படுத்திருக்கும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, முகம் கழுவி, ஒரு வெறுந்தேத்தண்ணி குடிச்சார். கச்சான் சுருளை ஒன்றை வாங்கி என்னட்ட தந்து சொன்னார்:

"தம்பி, இனித்தான் கஷ்டம். நீ கதைச்சுக்கொண்டே வா. நான் பதில் சொல்லாட்டி தோளில தட்டு."

ஆனையிறவுக்கு வரும்போது 5 மணி. நான் இரண்டு தரம் தட்டியிருந்தேன்.

பகல் 12 மணிக்கு எழும்பினவர் விடிய 5 மணிக்கு 17 மணித்தியாலம் முழிப்பு. 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதை அளந்து பார்த்தார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருக்கும் ஒருவரின் கையும் கண்ணும் வேலை செய்வது, இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல இருந்தது. 24 மணித்தியாலம் ஆனால் 0.10. எங்கள் நாட்டில் வெறியில் ஓடியதாகப் பிடிக்கும் அளவு 0.08. குடித்தால் ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். நித்திரையில்லாமல் ஓடுகிறவனை ஊதிப் பிடிக்க ஒரு கருவியும் இல்லை. அந்த அண்ணைக்கோ அதற்கு முதல் கிடைத்ததும் 3 மணித்தியால நித்திரைதான்.

இது அவருடைய கவனயீனமா? அவருடைய சம்பளத்தைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பேருக்கு. மிச்சமெல்லாம் றிப்புக் காசு. றிப் இல்லாவிட்டால் காசு இல்லை. சாமான் ஏத்துற நேரம், இறக்குற நேரம், கடை வாசலில் காத்து நிற்கிற நேரம் ஒன்றுக்கும் கணக்கில்லை. முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய 12 வீதத்தைக் கட்டுகிறார்தான். ஆனால் அந்தச் சின்ன அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். பிந்தினால் கழிவு. பெட்டி உடைந்தால் கழிவு. வேகத்துக்குப் பொலிஸ் எழுதினால் தண்டம் அவருடைய பொக்கற்றில் இருந்து. நித்திரை கொண்டால் வருமானம் குறையும் என்று ஒரு சம்பள முறையை ஆக்கி வைத்துவிட்டு, நித்திரை வந்ததற்கு அவரையே குற்றம் சொல்கிறோம்.

பிரான்சில் லொறி ஓடுகிற எங்கட ஆக்களைக் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். வண்டியில் பூட்டிய கருவி அதைப் பதியும். அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. வீதிப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதமாக, ஓடின தூரத்துக்கோ ஏற்றின சாமானுக்கோ ஏற்பக் காசு கொடுக்கக் கூடாது. றிப்புக் காசு ஆளைக் கொல்லும் என்று அவர்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் இரண்டு பதில் வரும். ஒன்று, "அவையள் விரும்பித்தானே ஓடுகினம்." வீட்டுக் கடனும் பிள்ளையின் ரியூசன் காசும் கழுத்தில் நிற்கும்போது ஒருவன் சொல்லும் 'ஓம்' விருப்பம் அல்ல. இரண்டாவது, "ரெண்டு றைவர் போட்டால் கட்டாது." ஒரு லொறியில் 500 பார்சல் என்று வையுங்கள். இரண்டாவது றைவருக்கு ஒரு இரவுக்கு 5,000 ரூபாய் என்றாலும் பார்சலுக்கு 10 ரூபாய். கட்டாது என்று சொல்வது இந்தப் பத்து ரூபாயைத்தான்.

இதில் நாங்களும் சுத்தமில்லை. முகநூலில் சட்டை ஓடர் பண்ணிவிட்டு அடுத்த நாள் மத்தியானமே "இன்னும் வரேல்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் நாங்கள். கம்பஸ் விடுதிக்கு அம்மா அனுப்பும் மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் விடிய வந்து நிற்க வேணும் எங்களுக்கு. அது ஒரு நாள் பிந்தினால் என்ன? மருந்து அவசரம் என்றால் விளங்கும். போன் கவருக்கு என்ன அவசரம்?

ஆனால் குற்ற உணர்ச்சியோடு நின்றுவிட்டால் முதலாளிக்குத்தான் வசதி. கேட்க வேண்டியவை தெளிவானவை. இரவு முழுக்க ஓடும் லொறிக்கு இரண்டு றைவர். ஏத்தி இறக்க வேறு ஆட்கள். காத்து நிற்கும் நேரத்துக்கும் சம்பளம், அந்த முழுச் சம்பளத்துக்கும் சேமலாப நிதி. படுக்க ஒரு ஒழுங்கான அறை. விபத்து நடந்தால் பொலிஸார் சாரதியின் வாக்குமூலத்தோடு நிற்காமல், அதற்கு முந்தின மூன்று நாள் அவர் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்று முதலாளியின் கணக்குப் புத்தகத்தையும் எடுக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று சம்பளச் சபை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. தொழில் திணைக்களம் இருக்கிறது. பகலில் திறந்திருக்கும் அந்தக் கந்தோர்களுக்கு, பகலில் மூன்று மணித்தியாலம் மட்டும் படுக்கிற ஒருவர் எப்போது போவார்? அவருக்காகப் போய்க் கேட்க எங்களுக்கு நேரம் இருக்கிறது.

வீட்டுப் படலையில் இறங்கும்போது கேட்டேன், "அண்ணை, இனிப் படுப்பியளோ?"

"எங்க தம்பி, 9 மணி வரைக்கும் இறக்க வேணும். பின்னேரம் திரும்ப ஏத்து."

அவருடைய பெயர் ஒரு நாளும் செய்தியில் வரக் கூடாது. வந்தால், 'நித்திரைக் கலக்கம்' என்ற அந்தச் சொல்லை நம்பி நாங்கள் பக்கத்தைப் புரட்டக் கூடாது.