30 வயதுக்குள் வந்தால் யார் பொறுப்பு?

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனையில் மார்பகம் பார்ப்பது 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான். அதுவும் கையால் தடவிப் பார்ப்பதோடு சரி. இந்த வரம்பை வகுத்தவர்களுக்குக் கடலூர் மாவட்டத்தின் புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கும் சில குடும்பங்களைத் தெரியாது போலும். அம்மாவுக்கு 38இல் கட்டி, சித்தி 41இல் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லும் வீட்டில் 24 வயது மகள் இருந்தால், ஆறு வருடம் கழித்து வா என்பதா பதில்?

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, டிபி53 ஆகியவை கட்டி வளராமல் காக்கும் மரபணுக்கள். தாயிடமோ தந்தையிடமோ இவற்றில் ஒன்று பழுதாகியிருந்தால், அது பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பிஆர்சிஏ1 பழுதான பெண்களில் 100க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்று வருகிறது. முதல் இரண்டும் கண்டறியப்பட்டது 1994, 1995இல், புதுச் செய்தியல்ல. சோதனைக்குச் சிறு குழாய் ரத்தம் போதும். பழுது தெரிந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். இளம் வயதின் அடர்ந்த மார்பகத்தில் மேமோகிராமே கட்டியைத் தவறவிடும், விரல் எம்மாத்திரம்?

செலவு என்பார்கள். எல்லாருக்கும் செய்யச் சொன்னது யார்? மார்பகப் புற்றில் மரபுவழி வருவது 5 முதல் 10 சதவீதம்தான். இளவயதில் நோய் வந்தவரை முதலில் சோதித்து, அவரிடம் பழுது இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மகளிடமும் தங்கையிடமும் தேடினால் போதும். அந்த ரத்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓட வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. கூலி வேலைக்குப் போகும் பெண்ணா?

இதில் ஒரு வேடிக்கை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஹாம்ஸ்டர்களின் கன்னத்தில் கட்டியை உண்டாக்கி, டிபி53 மரபணு தரும் பி53 புரதம் என்ன ஆயிற்று என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எலிக்குப் பார்த்தாகிவிட்டது, மனுஷிக்கு எப்போது?

சிதம்பரத்துக்கு இந்த அலட்சியம் பழக்கம்தான். பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகும் பல ஆண்டுகள், மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய் கட்டணம் இருக்க, இங்கே எம்பிபிஎஸ் மாணவர்களிடம் 5 லட்சத்துக்கு மேல் கறந்தார்கள். 50 நாளுக்கு மேல் பிள்ளைகள் போராடிய பிறகே, 2021இல் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு வந்தது. கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி என்று பெயர்ப்பலகை மாறியது. பலகை மாற்றவே எட்டு வருடம் எடுத்துக்கொண்டவர்களிடம் மரபணுவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அரசு வயது வரம்பைத் தளர்த்தி, இந்த மாவட்டத்துக்கு ஒரு வழி செய்யட்டும். இல்லை, இதற்கும் யாராவது 50 நாள் தெருவில் உட்கார வேண்டுமா?