கன்னு நடுறது ஒரு நாள் கூத்து... தண்ணி ஊத்துறது யாரு? உசிலம்பட்டி யோசிக்க வேண்டிய சேதி

உசிலம்பட்டி:

லீவு விட்டாச்சுன்னா உசிலம்பட்டிக்காரங்களுக்கு ரெண்டே ரூட்டுதான். மேற்கே ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டினால் வைகை அணை பூங்கா. கிழக்கே பஸ் ஏறினால் ஆரப்பாளையத்தில் இறங்கி மதுரை ராஜாஜி பூங்கா, இல்லாவிட்டால் தல்லாகுளம் பக்கம் சுற்றுச்சூழல் பூங்கா. புளிசாதம் கட்டிக்கொண்டு, பொடிசுகளை இழுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். வாரம் முழுக்க வெயிலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாலு மணி நேர நிழல் பெரிய விஷயம்தான்.

வைகை அணையை 1959 ஜனவரி 21-ந்தேதி காமராஜர் திறந்து வைத்தார். அணை முன்பு ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கும் பூங்காவைப் பார்த்து விட்டு வருகிறவர்கள், "என்னா பச்சை, நம்ம ஊருல இப்படி ஒரு இடம் இல்லையே" என்று புலம்புவது வழக்கம்.

ஆனால் அந்தப் பச்சை தானாக வந்ததல்ல. அங்கே செடிக்கு தண்ணீர் விட ஆள் இருக்கிறது. களை எடுக்க ஆள் இருக்கிறது. அது அவர்களுக்கு தினசரி வேலை. நம்ம தெருவில் நட்ட கன்றுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கேள்வியே இதுதான்.

உசிலை மரம் எங்கே?

உசிலை மரம் நிறைந்த ஊர் என்பதால்தான் உசிலம்பட்டி என்று பெயர் வந்ததாக சொல்வார்கள். இலையைக் காய வைத்து இடித்து, எண்ணெய் குளியலுக்கு தலைக்கு தேய்ப்பார்களே, அந்த உசிலை. மற்ற ஊர்களில் இதுவே அரப்பு. வறண்ட கரட்டு நிலத்திலும் தாக்குப் பிடிக்கும் மரம். வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும்.

இன்றைக்கு ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் உசிலை மரத்தைக் காட்டச் சொன்னால், காட்டத் தெரிந்த பிள்ளை எத்தனை பேர் தேறும்? நட்டவர்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

ஜூன் 5 நடவு... ஆடிக் காற்றில் சருகு

வருடா வருடம் ஜூன் 5-ந்தேதி உலக சுற்றுச்சூழல் தினம். அன்றைக்கு மரக்கன்று நடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. போட்டோவும் எடுத்தாகி விடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

மதுரை மாவட்டத்துக்கு அதிக மழை கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்ட கன்றுக்கு அடுத்து வருவது ஆடிக் காற்று. வேர் பிடிக்காத கன்று அதில் காய்ந்து சருகாகி விடும். மிச்சம் இருப்பதை ஆடு மேய்ந்து விடும். அதே கன்றை புரட்டாசி கடைசியில் நட்டால் முதல் மூன்று மாதத்துக்கு மழையே பாதி வேலையைப் பார்க்கும். அடுத்து வரும் 2 கோடைக்கு மட்டும் மனுசன் தண்ணீர் விட்டால் போதும், மரம் பிழைத்துக்கொள்ளும்.

2022 செப்டம்பர் 24-ந்தேதி தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை தொடங்கியது. 23.7 சதவீதமாக இருந்த காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. அதற்காக வனத்துறை நாற்றங்கால்களில் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக, கன்று கிடைப்பது கஷ்டமில்லை. காப்பாற்றத்தான் ஆள் இல்லை.

சீமைக் கருவேலம் சொன்ன பாடம்

2017 தொடக்கத்தில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவுப்படி தென் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. கண்மாய்களில் ஜே.சி.பி. இறங்கியது. பொதுமக்களும் அரிவாளோடு இறங்கினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு தடை போட, வேலை நின்றது.

வேரோடு பிடுங்காமல் மேலாக வெட்டிய இடங்களில் சீமைக் கருவேலம் மறுபடி தழைத்துக்கொண்டது. அந்த மரத்தின் குணமே அதுதான். ஆரம்ப சூரத்தனம் மட்டும் இருந்தால் நல்ல வேலையும் இப்படித்தான் முடியும்.

வைகை அணையில் இருந்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருவதற்கு இந்த வட்டார மக்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது ஊருக்கே தெரியும். அணை நிரம்பி வரும்போது மட்டுமே கிடைக்கிற தண்ணீர் அது. அப்படி வருகிற தண்ணீர் தங்குவதற்கு கண்மாயும், வரத்துக் கால்வாயும் முள்ளும் குப்பையும் இல்லாமல் கிடக்க வேண்டாமா?

சபாஷ் அரிட்டாபட்டி!

இதே மதுரை மாவட்டத்தில், மேலூர் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. 7 குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள், பழமையான சமணர் கல்வெட்டு, லகர் வல்லூறு போன்ற அபூர்வப் பறவைகள் என்று எல்லாம் உள்ள ஊர். டிக்கெட் கவுண்ட்டர் கிடையாது. ஊஞ்சல் கிடையாது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம், தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமாக அறிவிக்கப்பட்டது. என்ன பறவை, என்ன மரம், எத்தனை ஊற்று என்ற விவரம் அரசுப் பதிவில் ஏறியது.

அது எதற்கு உதவும் என்பது 2 வருடத்தில் தெரிந்தது. 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் சுமார் 2 ஆயிரம் ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. கிராம சபைகளில் எதிர்ப்பு தீர்மானம். டிசம்பர் 9-ந்தேதி சட்டசபையில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ந்தேதி மேலூரில் இருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு வந்த பேரணி. கடைசியில் ஜனவரி 23-ந்தேதி ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அதற்கு சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே பல்லுயிர் பாரம்பரிய தலம் இருக்கிறது என்பது.

அதாவது ஊர்க்காரர்கள் போராடிய போது, கையில் காட்டுவதற்கு ஒரு பதிவும் இருந்தது.

உசிலம்பட்டியில் என்ன செய்யலாம்?

2002-ம் ஆண்டு பல்லுயிர் சட்டப்படி ஊராட்சி, நகராட்சி எதுவானாலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மரம், செடி, பறவை, கால்நடை விவரத்தை மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் எழுதி வைப்பது அந்தக் குழுவின் வேலை. "நம்ம ஊர் குழுவில் யார் யார் இருக்காங்க, பதிவேட்டில் நம்ம கண்மாய் இருக்கா?" என்று கிராம சபையில் எழுந்து கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆட்டைப் பற்றியும் மூலிகையைப் பற்றியும் அந்த ஊர் பெரியவர்களுக்குத் தெரியாததா?

பொங்கல் சமயத்தில் தமிழகம் முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் கண்மாய்க் கரையில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி செல்போனிலேயே பதிவு செய்யலாம். செலவு கிடையாது. பிள்ளைகளுக்கு குஷியும் ஆச்சு.

கண்மாய்க் கரைக்கு பனை விதை தோது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கரையையும் பிடித்து நிறுத்தும். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்து விட்டது. தெருவுக்கு உசிலை, வேம்பு, புங்கன். ஆடு கடிக்காமல் இருக்க, வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள்ளையே சுற்றிக் கட்டலாம்.

தினக்கூலிக்கு போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பது நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. 100 கன்று நடாமல், தெருவுக்கு 3 கன்று நட்டால் போதும். திங்கள் ஒரு வீடு, வியாழன் ஒரு வீடு என்று முறை போட்டுக்கொண்டால், ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள், ரெண்டு குடம் தண்ணீர். தண்ணீர் லாரிக்கு காத்திருக்கும் கோடையில் பாத்திரம் கழுவின தண்ணீரே போதும்.

அடுத்த லீவுக்கு வைகை அணைக்கு தாராளமாக போய் வரலாம். கிளம்புவதற்கு முன்னால், அன்றைக்கு யார் வீட்டு முறை என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.