கோணிய முதுகும் கணக்கு யந்திரமும்

சென்ற மாதம் ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப் பெயரைச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமையில்லை. விசைத்தறிகளின் ஓசையில் நாமும் உரக்கவே பேசவேண்டியிருந்தது. அவ்வீட்டுப் பெண்ணுக்கு வயது 13. வாசலில் கோலமிடக் குனிந்தபோது, முதுகின் வலப்புறம் மாத்திரம் மேடிட்டு நின்றதைக் கண்டோம்.

"புஸ்தகப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொள்கிறாள். சொன்னால் கேட்டால்தானே!" என்றார் தாயார்.

பையின்மேலும் குற்றமில்லை, பெண்ணின்மேலும் குற்றமில்லை. குனியவைத்து முதுகைப் பார்க்கும் இந்தச் சோதனையை 1865-ஆம் ஆண்டிலேயே லண்டன் வைத்தியர் வில்லியம் ஆடம்ஸ் விவரித்திருக்கிறார். முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்ளும் இந்நோய், வளரும் பிள்ளைகளில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்கு உண்டு. பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. கடுமையான வளைவு பெண்களிடமே அதிகம்.

வளைவு ஏன் வளர்கிறது என்பதைத் தறிக்காரருக்கு விளக்குவது எளிது. பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி கோணும் அல்லவா? வளரும் எலும்பிலும் அழுத்தப்படும் பக்கம் மெதுவாக வளரும், மறுபக்கம் முந்திக்கொள்ளும். ஆகவே வளைவே வளைவைப் பெருக்குகிறது. தசைகளை நீக்கிவிட்டு எலும்பும் தசைநாரும் மாத்திரமாக நிறுத்தினால், நடுமுதுகும் இடுப்பும் சேர்ந்த அந்தத் தூண் ஏறக்குறைய இரண்டு கிலோ பாரத்திலேயே மடங்கிவிடும் என்று 1961-இல் அளந்து கண்டார்கள். நாம் நிமிர்ந்து நடப்பது தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிப்பதனால்தான்!

வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால் ரண சிகிச்சையைப்பற்றி யோசிப்பார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர வைத்தியர் பால் ஹாரிங்டன், போலியோவினால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ஓர் இரும்புத் தண்டு செய்து, அதன் விவரத்தை 1962-இல் வெளியிட்டார். தண்டு வளைவைக் குறைத்தது. ஆனால் இடுப்பில் இயல்பாக இருக்கவேண்டிய குழிவையும் பலருக்குத் தட்டையாக்கிவிட்டது. எங்கே எவ்வளவு விசை கொடுக்கலாம் என்பதைக் கம்ப்யூட்டரைக்கொண்டு கணக்கிட்டு, 1973-இல் ஆல்பர்ட் ஷுல்ட்ஸும் கார்ல் ஹிர்ஷும் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அந்த வேலை பிறகு வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. கானடாவின் மான்ட்ரியல் நகரில் கார்ல்-எரிக் ஓபென் குழுவினர், நோயாளியின் எக்ஸ்ரே படங்களிலிருந்து அவருடைய முதுகெலும்பையே கம்ப்யூட்டருக்குள் கட்டுகிறார்கள். முள்ளெலும்பு ஒவ்வொன்றும் வளையாத கட்டை. இடைத்தட்டுகளும் தசைநார்களும் சுருள்வில். திருகுகளை மாட்டித் தண்டைத் திருப்பினால் முதுகு எவ்வளவு நிமிரும், எந்தத் திருகு எலும்பைப் பிய்த்துக்கொண்டு வரப்பார்க்கும் என்பதெல்லாம் கத்தி வைக்குமுன்பே தெரியவருகிறது. ஆனால் ஒருவர் தசைநாரின் விறைப்பு இன்னொருவருக்கு இராது. நோயாளியைப் பக்கவாட்டில் வளையச் செய்து எடுத்த படத்தைக்கொண்டு விறைப்பைத் திருத்திக்கொள்ளாவிட்டால், கணக்கு வெறும் கணக்குத்தான்.

நம் கோயமுத்தூரில் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் கம்ப்யூட்டரை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். தண்டுவடத்தை ஒட்டிய குறுகிய எலும்பில் திருகு வழிதவறாமல் செல்ல அதையே வழிகாட்டியாக்கினார்கள். முதுகு கோணியவர் 27 பேர், கூனியவர் 6 பேர். மொத்தம் 478 திருகுகள். வழிகாட்டி இல்லாமல் போட்ட 236 திருகுகளில் 54 எலும்பின் சுவரைத் தாண்டின. வழிகாட்டியுடன் போட்ட 242-இல் ஐந்தே. 2007-இல் வெளிவந்த முடிவு இது. சுவரைத் தாண்டிய திருகெல்லாம் ஆபத்து விளைவிக்கும் என்பதல்ல. ஆயினும் நம் வீட்டுப் பெண்ணானால் எதை விரும்புவோம்?

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, தாயார் கல்யாணத்தைப்பற்றிக் கேட்டார். தகப்பனார் செலவைப்பற்றிக் கேட்டார். பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. "எத்தனை எலும்பைச் சேர்த்துக் கட்டுவாங்க? குனிஞ்சு நூல் முடிய முடியுமா?"

சேர்த்துக் கட்டிய எலும்புகளுக்கிடையே அசைவு இராது. இடுப்புப் பக்கம் ஒரு கணு மிஞ்சினாலும் அவளுக்கு அது லாபம். எந்த எலும்போடு நிறுத்தலாம் என்று தீர்மானிக்கத்தான் அந்தக் கணக்கெல்லாம். அதுவும் ரண சிகிச்சை வேண்டியிருந்தால். வளைவு சிறியதானால் கச்சையோடு போகலாம். வெறுமனே கவனித்து வந்தாலே போதுமென்றும் சொல்லலாம். அளந்து பாராமல் யார் சொல்வது?

திங்கட்கிழமை தறியை நிறுத்திவிட்டுத் திருத்தணிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுப்பதாகத் தகப்பனார் சொன்னார்.