புது ஆட்டத்தில் பழைய கணக்கு

உத்தமபாளையத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாள். பைத்தானில் தானே ஒரு மெமரி ஆட்டம் எழுதினாளாம். 16 சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். இரண்டிரண்டாகத் திறந்து பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். நம் குழந்தைகள் படச்சீட்டுகளைத் தரையில் பரப்பி விளையாடுவார்களே, அதேதான்.

ஆட்டம் நன்றாக ஓடுகிறது. ஆனால் சில சமயம், சில சமயம் மட்டும், 'புது ஆட்டம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு இரண்டாவது சீட்டைத் திறந்தால், முதல் சீட்டு தானாக மூடிக்கொள்கிறது. எத்தனை தடவை முயன்றோம் என்று காட்டும் எண்ணும் சைபருக்குத் திரும்பாமல் பழைய எண்ணிலிருந்தே தொடர்கிறது. நான்கு ராத்திரி அழித்து அழித்து எழுதிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதும்மா. காலேஜ்ல வேற ஏதாச்சும் எடுத்துக்கிறேன்" என்று அழுகிறாளாம். "எனக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. நான் எப்படி அவளுக்குக் கை கொடுப்பது?" என்று கேட்கிறார் சகோதரி. நல்ல வேளையாக, மகள் எழுதியதைத் தாளில் எடுத்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறார்.

முதலில் அவளுக்கு இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012-ல் இணையத்தின் மூலம் பைத்தான் வகுப்பு தொடங்கியபோது, இதே 16 சீட்டு ஆட்டத்தைத்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு பயிற்சியாகக் கொடுத்தது. படம் வரைவதோ சீட்டு கலைப்பதோ அதில் பெரிய பாடம் அல்ல. ஆட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் பாடம். இதில் இடறுவது சாதாரணம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க நான் யார்! வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். வாய்க்காலில் ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது யாருடைய முறை என்று தெரியாது. அதை யாராவது நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் அந்த வேலையைச் செய்வது ஒரு 'மாறி'. உங்கள் மகள் அதற்கு 'நிலை' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறாள். (பைத்தான் 3 இதை ஏற்றுக்கொள்ளும், எனக்கு மிகவும் பிடித்தது.) ஒரு சீட்டும் திறக்காதபோது நிலை 0. ஒன்று திறந்தால் 1. இரண்டு திறந்தால் 2. மூன்றாவதைத் தொட்டதும் முந்தைய இரண்டும் ஜோடியா என்று பார்த்து, இல்லையென்றால் அவற்றைக் கவிழ்த்துவிட்டு நிலையை மறுபடி 1 ஆக்க வேண்டும்.

இனி உங்கள் வேலை, சகோதரி. அதற்குக் கம்ப்யூட்டர் ஞானம் வேண்டாம். பால் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: தொட்ட சீட்டு, நிலை இருக்க வேண்டியது, நிலை இருப்பது, 'முதல்' என்ற மாறியில் இருக்கும் சீட்டு எண். சீட்டைத் தொட்டதும் நடக்கும் பகுதியின் தொடக்கத்திலேயே, நிலையையும் முதலையும் திரையில் காட்டும்படி மகள் ஒரு 'பிரிண்ட்' வரி சேர்க்கட்டும். ஒவ்வொரு சீட்டையும் தொடுவதற்கு முன் நீங்கள் கேளுங்கள்: "இப்ப எத்தனை இருக்கணும் தாயி?" அவள் வாயால் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். சொன்னதை ஒரு பத்தியிலும் திரையில் வந்ததை அடுத்ததிலும் எழுதுங்கள். இரண்டும் எந்த வரியில் வேறுபடுகிறதோ அங்கே ஆட்டத்தை நிறுத்துங்கள். அவள் அவசரப்படுவாள், "அதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்பாள். விடாதீர்கள். நான்கு ராத்திரி அவள் செய்தது மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தது. இது நாடி பார்ப்பது.

என்ன வரும் என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சீட்டு திறந்திருக்கும்போது புது ஆட்டம் அழுத்தினால், அடுத்து முதல் சீட்டைத் தொடும்போது "சைபர்மா" என்பாள் அவள். திரையோ 1 என்று காட்டும். முதல் என்ற இடத்தில் பழைய ஆட்டத்துச் சீட்டின் எண் உட்கார்ந்திருக்கும். புதிதாகத் திறந்த முதல் சீட்டை ஆட்டம் 'இரண்டாவது' என்று எண்ணிக்கொள்கிறது. அடுத்ததைத் தொட்டால் அது மூன்றாவது. ஆகவே முந்தையதைக் கவிழ்த்துவிடுகிறது. இரண்டு சீட்டு திறந்திருக்கும்போதோ, முழுதும் ஆடி முடித்த பிறகோ அழுத்தினால் இந்தக் கோளாறு தெரியாது. நிலை 2 என்றிருந்தால் அடுத்த சீட்டை அது சரியாகவே முதலாவதாக எடுத்துக்கொள்ளும். அந்தச் 'சில சமயம்' இதுதான்.

காரணம் என்ன? 'புது ஆட்டம்' பகுதிக்குள் 'நிலை = 0', 'தடவை = 0' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாள். கூடத்துக் காலண்டரில் பால் பாக்கி குறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சமையலறைக்குள் போய், ஒரு துண்டுத் தாளில் 'பால் பாக்கி 0' என்று எழுதி, வெளியே வரும்போது அதைக் கசக்கிப் போட்டுவிட்டால் காலண்டரில் பாக்கி தீர்ந்துவிடுமா? பைத்தானில் ஒரு பகுதிக்குள் '=' போட்டு ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால், அது அந்தப் பகுதிக்கே சொந்தமான புதுப் பெயராகிவிடும். பகுதி முடிந்ததும் அதுவும் போய்விடும். வெளியே இருக்கும் நிலை அப்படியே நிற்கும். தடவை எண் பூஜ்யமாகாததற்கும் இதே காரணம்தான். அவள் இரண்டு வியாதி என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால் சீட்டுகள் மட்டும் எப்படிச் சரியாகக் கலைந்து கவிழ்கின்றன? அவளைக் குழப்பியது இதுதான் என்று நினைக்கிறேன். சீட்டுகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. 'ஷஃபிள்' வெளியே இருக்கும் அந்தப் பட்டியலையே கலைக்கிறது. ஒவ்வொரு இடமாகக் கவிழ்ப்பதும் அதிலேயே நடக்கிறது. சமையலறைக்குள்ளிருந்து கையை நீட்டிக் கூடத்து அலமாரி டப்பாக்களை இடம் மாற்றி அடுக்குவதுபோல. அங்கே புதுப் பெயர் எதுவும் பிறக்கவில்லை. பட்டியலையே '=' போட்டுப் புதிதாக உண்டாக்கியிருந்தால் அதுவும் ஏமாற்றியிருக்கும்.

தீர்வு ஒரே வரி. புது ஆட்டம் பகுதியின் தலையில் 'குளோபல் நிலை, தடவை' என்று எழுத வேண்டும். "காலண்டரிலேயே திருத்து" என்று அர்த்தம். சீட்டைத் தொடும் பகுதியில் அவள் இதை எழுதித்தான் இருக்கிறாள். அங்கே விட்டிருந்தால் பைத்தானே பிழை என்று கத்தியிருக்கும், ஏனென்றால் அங்கே நிலையைப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுகிறாள். இங்கே பார்க்காமலே மாற்றுவதால் சத்தமில்லாமல் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் 2019 முதல் பைத்தான் இருக்கிறது. அதில் 'வரையெல்லை' என்றொரு பாடமே உண்டு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருப்பாள். இப்போது எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், கதைபோல ஓடும்.

நோட்டுப் போட்டு எழுதுவதைக் கேலி செய்தாளானால் இதைச் சொல்லுங்கள். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதை எடுத்து, நேரம் குறித்து, பதிவு நோட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தக் கதையைப் பின்னாளில் ஊரெல்லாம் சொல்லிப் பரப்பியவர் அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார். கம்ப்யூட்டர் மொழிகளுக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர்களுக்கும் நோட்டு வேண்டியிருந்தது.

கல்லூரிப் பேச்சை இந்த வாரம் எடுக்காதீர்கள். நாலு ராத்திரி தூங்காத பிள்ளை சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரிலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லிருந்து இருக்கிறது, நிதானமாக விசாரிக்கலாம். கணக்கு வராதவள் 'நிலை'க்கு மூன்று மதிப்பு என்று யோசித்திருக்கவே மாட்டாள். திறந்திருக்கும் சீட்டையே மறுபடி தொட்டால் ஜோடி என்று ஏமாறாதபடி ஒரு காவலும் போட்டிருக்கிறாள், கவனித்தேன்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தபின் மூன்று விதமாகச் சோதியுங்கள். ஒரு சீட்டைத் திறந்துவிட்டுப் புது ஆட்டம், இரண்டைத் திறந்துவிட்டுப் புது ஆட்டம், முழுதும் முடித்துவிட்டுப் புது ஆட்டம். மூன்றிலும், அடுத்த சீட்டைத் தொட்டதும் வரும் வரியில் நிலை 0 என்று இருந்தால், நோட்டில் தேதி போட்டுவிட்டு அவளைத் தூங்க அனுப்புங்கள்.